சொட்டும் குழாய், இடிக்கும் சுவர், ஏறாத தண்ணீர்: அறிகுறியைப் பார்த்து வால்வைக் கண்டுபிடிப்பது

கொழும்பில் குழாய் வேலைக்கு ஒரு பாஸைப் பிடிப்பதே பெரும் பாடு. பிடித்து வந்தாலும், குழாயை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு "முழு செட்டையும் மாற்ற வேண்டும்" என்றுதான் பலர் தொடங்குவார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவை இருப்பதில்லை. வால்வு என்று எதை எடுத்தாலும் அதற்கு மூன்று வேலைகளில் ஒன்றுதான் உண்டு: நீரை நிறுத்துவது, அளவாக விடுவது, ஒரே திசையில் விடுவது. எந்த வேலை தவறியது என்று பிடித்துவிட்டால், கெட்டது எந்தத் துண்டு என்பதும் பிடிபட்டுவிடும். அந்தத் துண்டு அநேகமாக உள்ளங்கையில் அடங்கும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு வீட்டுக்குள் பெரும்பாலும் இரண்டு வகைத் தண்ணீர் ஓடுகிறது. ஒன்று நீர் வழங்கல் சபையின் குழாயிலிருந்து நேராக வருவது. மற்றது மேலே உள்ள தாங்கியிலிருந்து இறங்குவது. தாங்கியின் வெளிவாயை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். சற்று நேரத்தில் நின்றுவிட்டால் அது தாங்கித் தண்ணீர். தொடர்ந்து வந்தால் சபைத் தண்ணீர். அதை நீர்மானிக்கு அருகில் உள்ள வால்வில்தான் நிறுத்த வேண்டும். தொடர்மாடியில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குரிய வால்வு நடைபாதையில் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் முழங்கால் நனைய நின்றுகொண்டு காவலாளியைத் தேட முடியாது.

இறுக மூடியும் சொட்டு நிற்கவில்லை

பல சுற்றுத் திருகி மூடும் குழாயா, கால் சுற்றில் மூடும் குழாயா என்று பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

திருகு வகை 1845இல் இங்கிலாந்தின் ரொதரம் நகரில் இருந்த கெஸ்ட் அன்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்பகம் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது. உள்ளே தண்டு திருகியபடி இறங்கி, நுனியில் உள்ள வாஷரை ஒரு பித்தளை வளையத்தின் மேல் அழுத்துகிறது. அந்த வளையத்தை இருக்கை என்று வைத்துக்கொள்வோம். நாளடைவில் இருக்கையின் விளிம்பு வாஷரில் வட்டமாகப் பதிந்து பள்ளம் விழும். அப்போது சொட்டு தொடங்கும். உடனே வீட்டில் உள்ள பலசாலி ஒருவர் வந்து இன்னும் இறுக்குவார். அன்றைக்குச் சொட்டு நிற்கும். ஆனால் வாஷர் கிழிந்து, அதன் கீழுள்ள உலோகம் இருக்கையைக் கீறத் தொடங்கியிருக்கும். வாஷரோடு முடிய வேண்டிய செலவு குழாயை மாற்றும் செலவாக வளர்வது இப்படித்தான்.

1. நீரை நிறுத்தி, குழாயைத் திறந்து மிச்சத்தை வடியவிடுங்கள். தொட்டியின் துளையைத் துணியால் அடையுங்கள். கைப்பிடியின் சின்னத் திருகாணி எப்போதும் அங்கேதான் போய் விழும்.
2. கைப்பிடியைக் கழற்றி, தலைப்பகுதியை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்புங்கள். குழாயின் உடலை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் சுவருக்குள் இருக்கும் பி.வி.சி. இணைப்பு முறுகி உடையும்.
3. பழைய வாஷரைத் தூக்கி எறியாதீர்கள். கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.
4. ஒரு விரலை உள்ளே விட்டு இருக்கையைச் சுற்றித் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் புதிய வாஷர் போதும். நகம் எங்காவது தடக்கினால் இருக்கை அரித்துப்போயிருக்கிறது; அதைச் சீவிச் சமப்படுத்தும் கருவி பாஸிடம் இருக்கும். அதைச் செய்யாமல் வாஷரை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் சொட்டு திரும்பி வரும்.

கால் சுற்று வகைக்குள் வாஷர் இல்லை. கண்ணாடிபோல் தேய்த்த இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. துளைகள் ஒன்றுக்கொன்று நேரானால் நீர் வரும், விலகினால் நிற்கும். இவை தேய்ந்து கெடுவது அரிது. தட்டுகளுக்கிடையே ஏதாவது சிக்கித்தான் கெடுகின்றன. நீர்வெட்டு முடிந்து தண்ணீர் திரும்பும் முதல் சில நிமிடங்களில் குழாயில் படிந்திருந்த துருவும் மணலும் கிளம்பி வருகின்றன. அந்த நேரத்தில் நல்ல குழாயைத் திறக்காமல், முற்றத்துக் குழாயை முதலில் ஓடவிடுங்கள். ஏற்கெனவே சொட்டுகிறதென்றால், இந்தத் தட்டுகள் அடங்கிய கூட்டை, அதாவது கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் சுத்தமான நீரில் கழுவி, கீழுள்ள ரப்பர் வளையம் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டின் விளிம்பு உடைந்திருந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றத்தான் வேண்டும். பழைய சோனகத் தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பழையதைக் கொண்டுவந்தீர்களா, தம்பி?" அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெளியே ஒரே மாதிரித் தோன்றும் கார்ட்ரிட்ஜ்களில் கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை வேறுபடும், உயரமும் வேறுபடும்.

சொட்டுத்தானே என்று விடலாமா என்பவர்களுக்கு: கீழே 200 மில்லிலீட்டர் கோப்பை ஒன்றை வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் மாதத்துக்கு 144 லீட்டர் போகிறது. நீர்ப்பட்டியலில் ஓர் அலகு 1000 லீட்டர். அது பணமாகப் பெரிய இழப்பில்லைதான். இருக்கையில் ஓயாமல் ஓடும் அந்த மெல்லிய நீர்க்கோடு பித்தளையை அரிப்பதுதான் உண்மையான இழப்பு.

குழாயின் வாயில் வராமல், கைப்பிடியின் அடியில் கசிகிறது

தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு தளர்ந்திருக்கிறது. குழாய் திறந்திருக்கும்போது மட்டும் கசிந்தால் சந்தேகமே வேண்டாம். கைப்பிடியின் கீழுள்ள சிறிய நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லையா, நட்டைக் கழற்றி, டெஃப்லான் டேப்பை நூலாக முறுக்கித் தண்டைச் சுற்றித் திணித்து மீண்டும் பூட்டுங்கள். கைப்பிடி திருப்பக் கடினமாகிவிட்டால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள்.

மூடியதும் சுவருக்குள் 'டொக்' என்று இடிக்கிறது

துணி துவைக்கும் இயந்திரம் நீரை நிறுத்தும் கணத்தில் இந்தச் சத்தம் வந்தால் ஆவி, பேய் எதுவும் காரணமில்லை. குழாய் நிறைய ஓடிக்கொண்டிருந்த நீர் திடீரென்று நிற்க இடமில்லாமல் மோதுகிறது. மாஸ்கோ நகரக் குழாய்களில் இதைச் சோதித்து 1898இல் கணக்காக எழுதியவர் ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி. நீரின் அடர்த்தியையும், குழாய்க்குள் அழுத்த அலை ஓடும் வேகத்தையும், நிறுத்தப்பட்ட நீரின் வேகத்தையும் பெருக்கினால் எகிறும் அழுத்தம் கிடைக்கும். இரும்புக் குழாயில் அலை செக்கனுக்குச் சுமார் 1200 மீட்டர் ஓடுகிறது. செக்கனுக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்த நீரைச் சட்டென்று நிறுத்தினால் 12 பார், அதாவது 120 மீட்டர் உயரத் தண்ணீரின் எடை, ஒரு கணம் குழாயில் உட்காருகிறது. பி.வி.சி. சற்று நெகிழ்வதால் அலையின் வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. அடியும் அந்த அளவுக்குக் குறையும். குறைந்தாலும், சுவருக்குள் ஒட்டு சரியில்லாத முழங்கை இணைப்பைத் திறக்க அது போதும்.

பழைய திருகுக் குழாயில் இந்தத் தொல்லை குறைவாக இருந்ததற்குக் காரணம் எளிது. மூன்று நான்கு சுற்றுத் திருகுவதற்குள் நீர் மெதுவாகவே நின்றது. கால் சுற்றுக் குழாய்களும், மின்சாரத்தால் மூடும் இயந்திர வால்வுகளும் வந்தபின்தான் சுவர்கள் பேசத் தொடங்கின.

செய்ய வேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள். இயந்திரத்துக்குப் போகும் கோண வால்வைப் பாதி மூடுங்கள். வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். பிறகு வெளியே தெரியும் குழாய்களை ஆட்டிப் பாருங்கள். பிடிப்புக் கழன்று தொங்குபவற்றுக்குக் கவ்விகளை அடியுங்கள். பாதிச் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். அதன்பின்னும் இடித்தால் இயந்திரத்தின் அருகில் அதிர்ச்சி தாங்கும் உறுப்பு ஒன்றைப் பூட்டலாம். உள்ளே அடைபட்ட காற்று மெத்தைபோல் அடியை வாங்கிக்கொள்ளும். சுவரில் வெறும் குழாய்த்துண்டை மேல்நோக்கி வைத்து முனையை அடைப்பது பழைய முறை. அதற்குள் இருக்கும் காற்று சில மாதங்களில் நீரில் கரைந்துவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஒரே இடியாக இல்லாமல் 'டர்ர்ர்' என்று நீண்ட அதிர்வாக வந்தால் அது வேறு நோய். பாதி திறந்து விட்ட கேட் வால்வுக்குள் ஆப்பு ஆடுகிறது, அல்லது திருகுக் குழாயில் வாஷர் தளர்ந்து துடிக்கிறது. ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் வடிவமைத்த ஆப்பு வால்வின் வாரிசுதான் கேட் வால்வு. முழுக்கத் திறக்கவும் முழுக்க மூடவும் பிறந்தது அது. நீரின் அளவைக் குறைப்பதற்கு அதைப் பயன்படுத்துவது தவறு.

இதே இடியை வேலைக்கு வைத்தவர் ஒருவர் உண்டு. சூடான காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவரான ஜோசப் மொங்கோல்ஃபியர், 1796இல் ஓடும் நீரைத் தானாக மூடும் வால்வால் திரும்பத் திரும்ப மோதவிட்டு, அந்த அழுத்தத்தாலேயே நீரின் ஒரு பகுதியை மேட்டுக்கு ஏற்றும் கருவியைச் செய்தார். மோட்டரும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம்.

தாங்கி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கிறது

மிதவை வால்வைப் பாருங்கள். கடையில் 'போல் கொக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நீரின் உயரத்தை மிதவையைக் கொண்டு ஆளும் யோசனை மிகப் பழையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் தன் நீர்க்கடிகாரத்தில் இதைப் பயன்படுத்தியதாக வரலாறு சொல்கிறது.

மிதவையைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். நீர் நின்றுவிட்டால் வால்வு நலமாகவே இருக்கிறது, மிதவையில்தான் பிழை. அதைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் ஓட்டை விழுந்து அது மூழ்குகிறது. சலசலக்காவிட்டால் கோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். வழியும் குழாயின் வாய்க்கு இரண்டு விரற்கடை கீழே நீர் நிற்குமாறு கோலைச் சரிசெய்யுங்கள். தூக்கிப் பிடித்தும் நீர் நிற்கவில்லை என்றால் உள்ளே உள்ள வாஷரோ இருக்கையோ போய்விட்டது. மேலே சொன்ன திருகுக் குழாயின் வைத்தியமே இதற்கும். நிரம்பும் நேரத்தில் மட்டும் வால்வு படபடவென்று துடித்தால், விழும் நீரின் அலை மிதவையைக் குலுக்குகிறது. ஒரு வெறும் தயிர்க்கோப்பையைக் கோலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் அடங்கும்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். வழிந்த நீர் கொங்கிரீட் கூரையில் தேங்கினால் டெங்கு நுளம்பு வந்துவிடும். அதன் பின்னாலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்.

மோட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

உடனே நிறுத்துங்கள். நீரில்லாமல் ஓடும் மோட்டரின் அடைப்பு சூடாகி எரிந்துவிடும். சுவிட்சை மட்டும் நம்பாமல் பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டரின் மேலுள்ள மூடியைத் திறந்து நீர் ஊற்றி நிரப்புங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மட்டம் இறங்கினால் கிணற்றுக்குள்ளோ நிலத்தடித் தாங்கிக்குள்ளோ குழாயின் நுனியில் இருக்கும் அடி வால்வு, அதாவது நீரைத் திரும்ப இறங்கவிடாத ஒருவழி வால்வு, ஒழுகுகிறது. இலை, கூழாங்கல், பாசி எதுவும் அதன் வாயில் சிக்கியிருக்கலாம். மேலே இழுத்துத் தூரிகையால் கழுவுங்கள்.

மட்டம் இறங்கவில்லை, ஆனாலும் ஏறவில்லை. பலரை ஏமாற்றும் இடம் இது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் மோட்டர் ஓடும்போது ஒரு துளி நீரும் வெளியே வராது. காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே ஈரத்தைத் தேடிப் பயனில்லை. மோட்டரை ஓடவிட்டு, உறிஞ்சும் குழாயின் மூட்டுகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் இறுகச் சுற்றுங்கள். எந்த மூட்டைச் சுற்றியபோது சத்தம் மாறி நீர் பிடிக்கிறதோ அந்த மூட்டுத்தான் குற்றவாளி.

இரண்டும் சரி என்றால் ஆழத்தை அளந்து பாருங்கள். மேலே இருந்து உறிஞ்சும் எந்த மோட்டரும் நீரை இழுப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தள்ளி ஏற்றுகிறது. அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் சுமார் 7 மீட்டர். வரட்சியில் கிணற்று மட்டம் அதற்கும் கீழே போனால் எந்த வால்வை மாற்றியும் பயனில்லை. மோட்டரைத்தான் கீழே இறக்க வேண்டும்.

மாற்றுவதற்கு ஒருவழி வால்வு வாங்கினால் உடலில் உள்ள அம்புக்குறியைப் பார்த்துப் பூட்டுங்கள். நிக்கொலா டெஸ்லா 1920இல் அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத ஒருவழிக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வளைவுகளின் வடிவமே எதிர்த்திசை ஓட்டத்தைத் தன்மீதே மோதவைத்துத் தடுக்கும். அழகான யோசனை, ஆனால் அது ஓட்டத்தைத் தடுக்குமே தவிர, நின்ற நீரைத் தாங்கிப் பிடிக்காது. நம் கிணற்றுக்குப் பழைய மூடி வைத்த வால்வுதான்.

மேல்மாடியில் நீர் நூலாக வருகிறது

ஒரு குழாயில் மட்டுமென்றால் அதன் வாயிலுள்ள வலையைத் திருகிக் கழற்றி மணலைத் தட்டுங்கள், வேலை முடிந்தது. சுடுநீர்ப் பக்கம் மட்டுமென்றால் ஹீட்டரின் நுழைவாயில் வலை அடைத்திருக்கும். எல்லாக் குழாய்களிலும் ஒரே நாளில் குறைந்தால் தாங்கியின் வெளிவாய்க் கேட் வால்வைச் சந்தேகியுங்கள்: கைப்பிடி முடிவில்லாமல் சுற்றினால் உள்ளே ஆப்பு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் விழுந்துகிடக்கிறது. அந்த இடத்தில் 'போல் வால்வு' எனும் உருண்டை வால்வு போடுவது நல்லது. துளையிட்ட உருண்டை ஒன்று டெஃப்லான் வளையங்களுக்கிடையே கால் சுற்றுத் திரும்புகிறது. டெஃப்லானை 1938இல் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கடுமையான உராய்வில்லாமல் நெருங்கிப் பொருந்தும் அந்தப் பொருள் கிடைத்தபின்தான் இந்த வகை வால்வு வீடுகளுக்கு வந்தது.

நீர் விக்கி விக்கி வந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, வீட்டின் மிகத் தாழ்வான குழாயை முழுக்கத் திறந்து ஓடவிடுங்கள்.

தொடக்கத்திலிருந்தே குறைவு என்றால் பழுது எதுவும் இல்லை. 10 மீட்டர் உயரம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். ஷவருக்கு 2 மீட்டர் மேலே தாங்கி இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான். வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆசையாக அனுப்பும் மழை ஷவர்கள் பலவற்றுக்கு 1 பார் வேண்டும், பெட்டியில் எழுதியிருக்கும். அழுத்தம் கூட்டும் சிறிய மோட்டர் வேண்டும், இல்லையேல் ஷவரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அந்த மோட்டரைத் தாங்கிக் குழாயில்தான் பூட்ட வேண்டும், சபைக் குழாயில் நேராகப் பூட்டக் கூடாது. வீதிக் குழாயில் எங்காவது வெடிப்பிருந்தால் அங்குள்ள அழுக்கு நீரை அது உறிஞ்சிக்கொண்டு வரும்.

புதிதாகப் போட்ட இணைப்பே கசிகிறது

அமெரிக்காவிலிருந்து வந்த சாமானா? அங்குள்ள அரை அங்குலத் திருகிலும் இங்குள்ள அரை அங்குலத் திருகிலும் அங்குலத்துக்கு 14 புரிகள்தான். அதனால் சில சுற்றுகள் ஒழுங்காகவே ஏறும். ஆனால் நாம் பயன்படுத்தும் பிரித்தானியக் குழாய்த் திருகின் புரி, ஜோசப் விட்வர்த் 1841இல் முன்வைத்தபடி, 55 பாகை, அவர்களுடையது 60. எவ்வளவு டேப் சுற்றினாலும் அந்த இடைவெளி அடையாது. மாற்றும் இணைப்பு ஒன்று வாங்குங்கள். அளவுகோலை வைத்துப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம்: அரை அங்குலத் திருகின் வெளிவிட்டம் சுமார் 21 மில்லிமீட்டர் இருக்கும். அது குழாயின் உள்ளளவுக்கு வைத்த பழைய பெயர்.

டேப்பைத் திருகின் முனையைப் பார்த்தபடி வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போதே உரிந்துவரும். ரப்பர் வாஷர் உள்ள இணைப்புக்கு டேப் தேவையில்லை. பித்தளைக் குழாயைப் பூட்டும் இடத்தில் அது திருகி ஏறும் இணைப்பு (ஃபோசட் சொக்கெட்) வெறும் பி.வி.சி.யாக இருந்தால், இறுக்க இறுக்க அது மயிரிழையாக வெடிக்கும். உள்ளே பித்தளை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டிய மூட்டுக் கசிந்தால் மேலே பசை பூசிப் பயனில்லை. அந்தப் பசை இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குவது, ஈரத்தில் கரைக்காது. வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். குழாயில் மிச்ச நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பாண் துண்டின் நடுப்பகுதியை உருட்டி உள்ளே தள்ளுங்கள். ஒட்டு காயும்வரை அது நீரைத் தாங்கும். பிறகு ஊறிக் கரைந்து, வலை கழற்றிய குழாய் வழியாக வெளியேறும்.

சுடுநீர்த் தாங்கியின் பக்கத்து வால்வு சொட்டுகிறது

இதை மட்டும் அடைக்கக் கூடாது. 1679இல் அழுத்தச் சமையல் பாத்திரத்தைச் செய்த டெனிஸ் பப்பான், அது வெடிக்காமல் இருக்கக் கண்ட பாதுகாப்பு வால்வின் வம்சம் இது. 50 லீட்டர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறக்குறைய 0.7 லீட்டர் விரியும். நுழைவாயிலில் ஒருவழி வால்வு இருந்தால் அந்த நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. இந்த வால்வு வழியே சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டுவது ஆரோக்கியத்தின் அடையாளம். குளிர்ந்தபின்னும் ஓடினால் நெம்புகோலை ஒருமுறை தூக்கி விட்டுத் தூசியை அடித்துச் செல்லவிடுங்கள். கொதிநீர் பாயும், கையை விலக்கிக்கொள்ளுங்கள். அதன்பின்னும் நிற்காவிட்டால் வால்வை மாற்றச் சொல்லுங்கள். இந்த வேலையைப் பாஸிடம் விடுங்கள்.

எதுவும் சொட்டவில்லை, பட்டியல் மட்டும் ஏறுகிறது

இரவில் மலசலகூடத்துத் தொட்டியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கரைத்துவிடுங்கள். காலையில் யாரும் பயன்படுத்துமுன் கிண்ணத்தில் நீலம் தெரிந்தால் தொட்டியின் அடி ரப்பர் மூடி ஒழுகுகிறது. தெரியாவிட்டால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியின் சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். அது சுற்றினால் மானிக்கு அடுத்துள்ள வீட்டு வால்வையும் மூடுங்கள். சக்கரம் நின்றால் ஒழுக்கு உங்கள் சுவருக்குள்ளோ நிலத்தடிக் குழாயிலோ இருக்கிறது. அந்த வால்வு இறுக மூடியிருந்தும் சக்கரம் சுற்றினால் பழுது வால்விலோ மானியிலோதான். மானியில் நாம் கைவைக்க முடியாது, 1939ஐ அழைத்துச் சபையிடம் சொல்லுங்கள்.